வாரண்டின்றி வீடு புகுதல்: காவல்துறையின் சோதனை அதிகாரமும் எழுத்துப் பதிவும்

ஆய்வுச் சுருக்கம்

வீட்டில் வாழ்வோரின் அனுமதியோ நீதித்துறை நடுவரின் ஆணையோ இன்றிக் காவல்துறையினர் ஒரு வீட்டினுள் நுழையலாமா என்னும் வினாவை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் அடிப்படையில் இக்கட்டுரை ஆராய்கிறது. அச்சரப்பாக்கம், மதுராந்தகம், மாமல்லபுரம் ஆகிய பகுதிகளின் வாழ்நிலைகள் எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்படுகின்றன. இந்தியச் சட்டத்தில் வாரண்டில்லாச் சோதனைக்கு இடம் உண்டு. ஆயினும் நுழையும் முன் காரணத்தை எழுதி வைக்கும் கடமையே அந்த அதிகாரத்தின் எல்லை என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: வீட்டுச் சோதனை, பிடியாணை, சோதனை ஆணை, வழக்கு நாட்குறிப்பு, அந்தரங்க உரிமை, அச்சரப்பாக்கம்.

முன்னுரை

2023 மே மாதத்தில் செங்கல்பட்டு மாவட்டத்தின் மதுராந்தகம் பகுதியிலும், அதை அடுத்த விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் பகுதியிலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதனைத் தொடர்ந்து மாநிலம் முழுவதும் சாராய வேட்டை நடந்தது. இத்தகைய வேட்டைகளில் காவலர்கள் தோப்புகளையும் ஏரிக்கரைகளையும் மட்டும் தேடுவதில்லை. குடிசைகளிலும் ஓட்டு வீடுகளிலும் மாட்டுக் கொட்டகைகளிலும் நுழைகின்றனர். உயிர்ப்பலி நேர்ந்த வேளையில் அந்நுழைவை ஊரார் பெரும்பாலும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் அதே காவலர்கள் வேறொரு நாளில், வேறொரு காரணத்திற்காக, அதே வாசலில் வந்து நிற்கும்போது வினா எழுகிறது: இவர்கள் உள்ளே வரலாமா?

இவ்வினாவிற்கு மக்களிடையே இரு விடைகள் வழங்குகின்றன. காவலர் நினைத்தால் எந்த வீட்டிலும் நுழையலாம் என்பது ஒன்று. வாரண்டு இல்லாமல் வாசற்படியையும் மிதிக்க இயலாது என்பது மற்றொன்று. முதலாவது அச்சத்தில் பிறந்தது. இரண்டாவதைப் பரப்பியதில் திரைப்படத்திற்குப் பெரும்பங்குண்டு. சட்டத்தின் நிலை இவ்விரண்டிற்கும் வெளியே உள்ளது. அதனைப் பிரிவுவாரியாகப் படித்து, நீதிமன்றத் தீர்ப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் காவலருக்குள்ள அதிகாரமும் குடிமகனுக்குள்ள காப்பும் தெளிவாகும்.

ஒரு சொல், இரு ஆணைகள்

குழப்பத்தின் தொடக்கம் சொல்லிலேயே இருக்கிறது. வழக்குத் தமிழில் ‘வாரண்டு’ என்ற ஒரே சொல் இரு வேறு ஆணைகளைக் குறிக்கிறது. ஆளைக் கைது செய்ய நீதிமன்றம் பிறப்பிப்பது பிடியாணை. பொருளையோ ஆவணத்தையோ தேட ஓர் இடத்தில் நுழைவதற்குப் பிறப்பிப்பது சோதனை ஆணை. பிடியாணை வேண்டாக் குற்றங்கள் எனப்படும் கொலை, கொள்ளை, திருட்டு போன்றவற்றில் காவலர் தாமாகவே புலனாய்வு தொடங்கலாம். பிடியாணை வேண்டும் குற்றங்களில் நடுவரின் ஆணை பெறாமல் புலனாய்வே செய்யலாகாது. வாடகைப் பாக்கி, கைமாற்றுக் கடன், வரப்புத் தகராறு போன்ற உரிமையியல் வழக்குகளோ காவல் நிலையத்தின் புலனாய்வு எல்லைக்குள் வருவதே இல்லை. நடைமுறையில் காவலர் வாசலுக்கு வரும் நேரங்களில் கணிசமானவை இக்கடைசி வகைச் சிக்கல்களைச் சார்ந்தவை என்பதால், இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடத்தக்கதன்று.

சோதனை ஆணை பற்றிய பொதுவிதிகள் சன்ஹிதாவின் 96, 97, 100 ஆகிய பிரிவுகளில் உள்ளன. நீதிமன்றம் கேட்ட ஆவணத்தை ஒருவர் தரமாட்டார் எனக் கருதும்போதும், ஓரிடத்தில் திருட்டுப்பொருள் உள்ளதென நம்பும்போதும், ஒருவர் சட்டத்திற்கு மாறாக அடைத்து வைக்கப்பட்டிருக்கிறார் எனத் தெரியவரும்போதும் நடுவர் ஆணை பிறப்பிக்கலாம். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 93, 94, 97 ஆகிய பிரிவுகளே பெரும் மாற்றமின்றி இவ்வெண்களில் அமைந்துள்ளன. நூல்களில் இவை முதலில் வருவதால் இவையே பொதுவிதி என்றும், வாரண்டில்லாச் சோதனை அரிதான விலக்கு என்றும் மாணவர் எண்ணுவதுண்டு. காவல் நிலையத்தின் அன்றாட நடப்பில் இந்த வரிசை தலைகீழாகிறது.

ஆளைத் தேடி நுழைதல்

கைது செய்யப்பட வேண்டியவர் ஒரு வீட்டினுள் இருக்கிறார் என நம்பக் காரணம் இருந்தால், கைது செய்யும் அதிகாரமுள்ள காவலர் அவ்வீட்டில் நுழையலாம் என்கிறது பிரிவு 44. அவ்வீட்டில் வாழ்வோர், காவலர் கோரும்போது, தடையின்றி உள்ளே விடவும் தேடுவதற்கு நியாயமான வசதி செய்து தரவும் கடமைப்பட்டவர்கள். வீடு கைது செய்யப்படுபவருடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை. மாமனார் வீடு, நண்பர் வீடு, அடுத்த தெருவில் பூட்டிய கதவின் பின்னுள்ள அறை என எதுவாயினும் பிரிவு பொருந்தும்.

கதவு திறக்கப்படாவிட்டால் உடைக்கவும் அதிகாரம் உண்டு. ஆனால் அதற்கு முன்நிபந்தனைகள் உள்ளன. வாரண்டு பெறச் சென்றால் தேடப்படுபவர் தப்பிவிடுவார் என்ற நிலை இருக்க வேண்டும். காவலர் தம் அதிகாரத்தையும் வந்த நோக்கத்தையும் அறிவித்து, உள்ளே விடுமாறு முறைப்படி கேட்டிருக்க வேண்டும். 1604இல் இங்கிலாந்தில் செமெய்ன் வழக்கில் கூறப்பட்ட நெறியின் எச்சம் இது. கைது செய்யப்பட வேண்டியவரல்லாத, வழக்கப்படி பிறர் முன் வராத பெண் ஒருவர் உள்ளறையில் இருந்தால், அவர் விலகிச் செல்ல அறிவிப்பும் வசதியும் தந்த பின்னரே கதவை உடைக்கலாம் என்னும் காப்பு விதியும் இதே பிரிவில் உள்ளது.

இங்குக் கவனிக்க வேண்டியது, சட்டம் அனுமதி என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை என்பது. காவலர் கேட்க வேண்டும், வீட்டார் விட வேண்டும், விடாவிட்டால் உடைக்கலாம். வீட்டாரின் விருப்பம் இதில் தீர்மானிக்கும் கூறு அன்று. ஆனால் இப்பிரிவு முழுவதும் கைது செய்யும் அதிகாரம் உண்டு என்ற அடித்தளத்தின் மேல் நிற்கிறது. ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் கைது தேவைதானா என்பதற்கான காரணங்கள் பதியப்பட வேண்டும், இயன்றவரை அறிவிப்பாணை அனுப்பி வரவழைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டு அர்னேஷ் குமார் வழக்கில் கூறியது. ஆகவே அறிவிப்பாணையே போதுமான ஒரு வழக்கில் நள்ளிரவில் கதவை உடைப்பதற்குப் பிரிவு 44 துணை நிற்காது. பெண்களைப் பொறுத்தவரை, சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் கைது செய்யலாகாது என்கிறது பிரிவு 43. விதிவிலக்கான சூழலில் பெண் காவல் அலுவலர் எழுத்தில் அறிக்கை அளித்து நடுவரின் முன் அனுமதியைப் பெற வேண்டும்.

பொருளைத் தேடி நுழைதல்

வினாவின் மையம் பிரிவு 185இல் உள்ளது. பழைய சட்டத்தில் இது பிரிவு 165. நிலையப் பொறுப்பு அலுவலரோ புலனாய்வு அலுவலரோ சோதனை ஆணையின்றி ஒரு வீட்டைச் சோதனையிட இப்பிரிவு இடந்தருகிறது. இதன் சொற்களைப் பிரித்துப் பார்ப்பது பயன் தரும்.

முதலில், ஒரு குற்றத்தின் புலனாய்வு நடந்துகொண்டிருக்க வேண்டும். புகார் மனுவைப் பெற்றுக்கொண்டு மனு ரசீது மட்டும் வழங்கி, இரு தரப்பையும் அழைத்து விசாரிக்கும் நிலை புலனாய்வு அன்று. முதல் தகவல் அறிக்கை பதியப்படாத அந்த மனு விசாரணை நிலையில் இப்பிரிவைக் காட்டி வீட்டைச் சோதனையிடுவது கடினம். இரண்டாவதாக, தேடும் பொருள் அப்புலனாய்விற்குத் தேவையானதாகவும் அவ்விடத்தில் இருக்கக்கூடும் என்பதற்கு நியாயமான காரணம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். அத்துடன், வேறு வழியில் பெறுவதென்றால் தகாத தாமதம் ஏற்படும் என்ற கருத்து அலுவலருக்கு இருக்க வேண்டும். இம்மூன்றும் அலுவலரின் மனத்தில் இருந்தால் போதாது. தம் நம்பிக்கைக்கான காரணங்களையும், தேடும் பொருள் இன்னதென்பதை இயன்றவரையும் அவர் வழக்கு நாட்குறிப்பில் எழுத வேண்டும். எழுதிய பிறகே சோதனை.

வரிசை முக்கியமானது. சோதனையில் பொருள் கிடைத்த பின், அது அங்கே இருக்கும் என்று முன்பே தெரியும் என எழுதுவது எளிது. கிடைப்பதற்கு முன் எழுதுவதற்கே ஒரு காரணம் வேண்டும். அலுவலர் ஒருவரைத் தம் ஐயத்தைச் சொற்களில் வைக்குமாறு நிர்ப்பந்திப்பதன் மூலம், காரணமில்லாத ஐயத்தை வாசலுக்கு வெளியே நிறுத்த முயல்கிறது சட்டம். நடுவர் செய்ய வேண்டிய பரிசீலனையை, நடுவர் இல்லாத இடத்தில் ஒரு தாளிடம் ஒப்படைக்கிறது எனலாம்.

இக்கருத்தை உச்ச நீதிமன்றம் ராஜஸ்தான் அரசு எதிர் ரெஹ்மான் வழக்கில் வலுவாக நிறுவியது. 1960ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் இத்தீர்ப்பு இடம்பெறுகிறது. மத்திய கலால் அலுவலர்கள் புகையிலை தொடர்பாக ஒரு வீட்டைச் சோதனையிடச் சென்றனர். காரணங்கள் எழுதப்படவில்லை. வீட்டார் தடுத்தனர். தடுத்ததற்காக வழக்குத் தொடரப்பட்டது. காரணங்களைப் பதிதல் சோதனையின் இன்றியமையாத படி. அதனைத் தவிர்த்த சோதனை சட்டத்திற்கு மாறானது. எனவே அதனைத் தடுத்தது குற்றமாகாது என்று நீதிமன்றம் கூறி, அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. புகையிலைச் சோதனை ஒன்றில் பிறந்த இவ்விதி இன்றும் பிரிவு 185இன் பொருளை விளக்கத் துணை நிற்கிறது.

சோதனையை இயன்றவரை அலுவலரே நேரில் செய்ய வேண்டும். இயலாதபோது அதற்கான காரணத்தை எழுதி, தேட வேண்டிய இடத்தையும் பொருளையும் குறிப்பிட்டுக் கீழ்நிலை அலுவலருக்கு எழுத்தில் ஆணையிட வேண்டும். அச்சரப்பாக்கம் நிலைய ஆய்வாளர் ஒரு தலைமைக் காவலரிடம் ‘போய்ப் பார்த்துவிட்டு வா’ என்று வாய்ச்சொல்லாகச் சொல்லி அனுப்புவது இப்பிரிவை நிறைவு செய்யாது. தேடும் வீடு மேல்மருவத்தூர் போன்ற வேறு நிலைய எல்லையில் இருந்தால் பிரிவு 186இன் நடைமுறை பொருந்தும்.

2024க்குப் பின் சேர்க்கப்பட்டவை இரண்டு. சோதனை முழுவதும் ஒலி ஒளிப் பதிவு செய்யப்பட வேண்டும். கைப்பேசியிலேயே செய்யலாம் என்று பிரிவு 105உம் 185உம் கூறுகின்றன. எழுதப்பட்ட காரணங்களின் நகல், ‘உடனே’ என்று மட்டும் இருந்த பழைய விதிக்கு மாறாக, 48 மணி நேரத்திற்குள் அருகிலுள்ள நடுவருக்கு அனுப்பப்பட வேண்டும். பிந்தைய மாற்றம் சிறியதாகத் தோன்றினும், காரணத்தைப் பின்னர் எழுதிச் சேர்க்கும் வாய்ப்பை அது இரண்டு நாளாகக் குறுக்குகிறது.

சாட்சிகள்

மூடிய இடம் ஒன்றைச் சோதனையிடும் முன், அவ்வட்டாரத்தில் வாழும் சார்பற்ற, மதிக்கத்தக்க இருவரையோ அதற்கு மேற்பட்டோரையோ சாட்சிகளாக அழைக்க வேண்டும் என்கிறது பிரிவு 103. சோதனையின்போது வீட்டில் வாழ்பவர் உடனிருக்கலாம். கைப்பற்றிய பொருள்களின் பட்டியலில் சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். நகல் ஒன்றை வீட்டாரிடம் தர வேண்டும். பெண்ணின் உடலைச் சோதிக்க நேர்ந்தால் மற்றொரு பெண்ணே, கண்ணியத்தைக் காத்து, அதைச் செய்ய வேண்டும்.

தமிழக நடைமுறையில் இச்சாட்சிகள் பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலரும் கிராம உதவியாளரும் ஆவர். நீதிமன்றப் படியேறி அலைய ஊரார் தயங்குவதால் காவலர் அரசு ஊழியரை நாடுகின்றனர் என்பது புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும் வட்டாரவாசி என்ற சொல்லின் நோக்கம் இதில் தேய்ந்துவிடுகிறது. வீட்டாரை அறிந்த அண்டை வீட்டார் பார்வையில் சோதனை நடப்பதும், மாவட்ட நிர்வாகத்தின் கீழ்ப் பணிபுரிபவர் பார்வையில் நடப்பதும் ஒன்றல்ல. ஒலி ஒளிப் பதிவு இக்குறையை ஓரளவு ஈடுசெய்யக்கூடும். கருவி எப்போது இயக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது அது. கதவைத் தாண்டிய பிறகு தொடங்கும் பதிவு, நுழைவைப் பற்றி எதுவும் சொல்லாது.

தனிச்சட்டங்களும் இரவும்

பிரிவு 185இல் நேர வரம்பு ஏதும் இல்லை. இரவுக்கும் பகலுக்கும் வேறுபாடு காட்டுவது தனிச்சட்டங்களே. போதைப்பொருள்களுக்கான 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 42, சூரிய உதயத்திற்கும் மறைவிற்கும் இடைப்பட்ட நேரத்தில் வாரண்டின்றி நுழைய இடந்தருகிறது. மறைவிற்குப் பின் நுழைய வேண்டுமெனில், வாரண்டு பெறும் தாமதத்தில் சான்று மறைக்கப்படும் அல்லது குற்றவாளி தப்புவார் என்ற நம்பிக்கையின் காரணங்களை அலுவலர் எழுத வேண்டும். எழுதியதன் நகலை 72 மணி நேரத்திற்குள் மேலலுவலருக்கு அனுப்ப வேண்டும். இவ்விதியை அறவே பின்பற்றாதிருத்தல் ஏற்கத்தக்கதன்று; தக்க விளக்கத்துடன் கூடிய தாமதம் மட்டுமே பொறுக்கத்தக்கது என்று 2009இல் கர்னைல் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. கஞ்சா வழக்குகள் பல இவ்விடத்தில் முறிகின்றன. வாரண்டின்றிச் சோதனையிடும் அதிகாரத்தைத் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937உம் அளிக்கிறது. மதுராந்தகம் பகுதியில் நடந்தவை போன்ற வேட்டைகளுக்குச் சட்டப் பின்புலம் அதுவே.

அதிகாரம் எவ்வளவு விரியக்கூடும் என்பதற்கு இலங்கையின் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம் அருகிலுள்ள எடுத்துக்காட்டு. அதன் பிரிவு 6, காவல் கண்காணிப்பாளர் தரத்தினரும், அவரால் எழுத்தில் அதிகாரமளிக்கப்பட்ட உதவி ஆய்வாளர் தரத்தினரும் வாரண்டின்றி எந்த வளாகத்திலும் நுழைந்து தேடலாம் என்கிறது. அங்கும் ஓர் எழுத்து உண்டு. ஆனால் அது அதிகாரத்தை வழங்கும் எழுத்து. காரணத்தைக் கூறும் எழுத்து அன்று.

எது வீடு?

அச்சரப்பாக்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் இருளர் குடியிருப்புகள் உண்டு. அவற்றுள் பல, பட்டா இல்லாத நிலத்தில், தாழ்ப்பாள் இல்லாத படலோடு நிற்பவை. வாரண்டு பற்றிய பேச்சு இத்தகைய குடிசைகளுக்குப் பொருந்தாது என்றொரு மனப்பான்மை அலுவலரிடமும் சில வேளை அங்கு வாழ்வோரிடமும் காணப்படுகிறது. சட்டம் அவ்வாறு கருதவில்லை. மனித வாழிடமாகப் பயன்படும் கட்டடம், கூடாரம், மரக்கலம் ஆகியவற்றுள் அத்துமீறி நுழைதலே வீட்டு அத்துமீறல் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 329 வரையறுக்கிறது. 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் சொற்களும் இவையே. கூடாரம் வீடாகுமென்றால் ஓலைக்குடிசை ஆகாதிருக்க வழியில்லை. பட்டா யார் பெயரில் உள்ளது என்பது நில உரிமை பற்றிய வினா. யார் வாழ்கிறார் என்பதே சோதனைச் சட்டத்தின் வினா. மாமல்லபுரம் கரையில் இழுத்து நிறுத்திய ஃபைபர் படகு வீடாகாது. ஒருவர் அதிலேயே குடியிருப்பாரானால் ஆகும்.

மாமல்லபுரத்தில் இவ்வினா இன்னொரு வடிவிலும் எழுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் விடுதிகளில் காவலர் அறை அறையாகக் கதவைத் தட்டித் தங்கியிருப்போரின் உறவை விசாரிக்கும் செய்திகள் அவ்வப்போது கேட்கப்படுகின்றன. கோயம்புத்தூரில் தங்கும் விடுதி ஒன்று, மணமாகாத இணையர் தங்கியிருந்ததையும் ஒரு காரணமாகக் காட்டி மூடப்பட்ட வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதியரசர் எம். எஸ். ரமேஷ் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தார். மணமாகாத ஆணும் பெண்ணும் ஓர் அறையில் தங்குவதைத் தடை செய்யும் சட்டம் எதுவும் இல்லை என்று அவர் சுட்டிக்காட்டினார். குற்றமே இல்லாத இடத்தில் புலனாய்வு இல்லை. புலனாய்வு இல்லாத இடத்தில் பிரிவு 185 இல்லை.

இரவில் கதவைத் தட்டுதல்

வழக்கு எதுவும் நிலுவையில் இல்லாமலே காவலர் ஒருவரது வீட்டிற்கு இரவில் வந்து போவதுண்டு. சரித்திரப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களின் வீடுகள் இதற்கு இலக்காகின்றன. இந்திய அரசியலமைப்புச் சட்டத்தில் வீட்டின் புனிதம் பற்றிய முதல் பெரும் விவாதம் இப்பழக்கத்திலிருந்தே எழுந்தது. உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர்மேல் 1941இல் பதியப்பட்ட கொள்ளை வழக்கு, சான்றின்மையால் கைவிடப்பட்டது. ஆனால் பதிவேட்டில் அவர் பெயர் ஏறியது. காவலர் இரவில் அவர் வாசலுக்கு வந்து கூவி எழுப்பினர்.

1962 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இவ்வழக்கைத் தீர்த்தபோது பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற நீதியரசர் என். இராஜகோபால ஐயங்கார். இரவு நேர வீட்டு வருகையை அனுமதித்த காவல் ஒழுங்குவிதி செல்லாது என்றார் அவர். உறக்கத்தைக் குலைப்பதும் வீட்டினுள் ஊடுருவுவதும் தனிமனித விடுதலையைப் பறிப்பன. அவ்விதியோ சட்டமன்றம் இயற்றிய சட்டம் அன்று, நிருவாக அறிவுறுத்தல் மட்டுமே. அதே தீர்ப்பில் அந்தரங்கம் அடிப்படை உரிமை அன்று என்றும் பெரும்பான்மை கூறியது. கதவைக் காத்துவிட்டு, கதவைக் காக்கும் கோட்பாட்டை மறுத்த முரண் இது. நீதியரசர் கே. சுப்பாராவ் மாறுபட்டு, அந்தரங்கம் விடுதலையின் உள்ளீடு என்று எழுதினார். அவரும் ஒரு காலத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தில் பணியாற்றியவர். 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதியரசர் அமர்வு புட்டசாமி வழக்கில் அந்த மாறுபட்ட கருத்தின் பக்கமே நின்றது. அதன்பின் வீட்டினுள் நுழையும் எச்செயலுக்கும் சட்ட அடிப்படை, தகுந்த நோக்கம், அந்நோக்கத்திற்கு ஏற்ற அளவு ஆகியன காட்டப்பட வேண்டும்.

கண்காணிப்பு என்ற பெயரில் இரவில் பதிவேட்டுக் குற்றவாளிகளின் கதவைத் தட்டவோ வீட்டினுள் புகவோ காவலருக்கு உரிமையில்லை என்று 2025 ஜூனில் கேரள உயர் நீதிமன்றமும் கூறியது. நள்ளிரவில் வெளியே வரச்சொன்னதற்கு இணங்காதவர் மீது தொடரப்பட்ட வழக்கை அது நீக்கியது.

பிழைபட்ட சோதனையின் விளைவு

மேற்கண்ட விதிகள் மீறப்பட்டால் என்ன நேர்கிறது? இந்தியச் சட்டத்தின் மெலிந்த பகுதி இது. அமெரிக்காவில் 1961ஆம் ஆண்டு மேப் வழக்கிற்குப் பின், சட்டத்திற்கு மாறான சோதனையில் கிடைத்த பொருள் எந்நீதிமன்றத்திலும் சான்றாக ஏற்கப்படுவதில்லை என்பது பொதுநெறி. இந்தியாவில் நிலைமை வேறு. சோதனை முறைகேடானது என்பதால் மட்டும் கைப்பற்றிய பொருள் சான்றாகாமல் போகாது. நீதிமன்றம் அதனைக் கூடுதல் கவனத்துடன் சீர்தூக்கினால் போதும் என்று ராதா கிஷன் வழக்கு கூறியது. வருமான வரிச் சோதனை தொடர்பான பூரன்மல் வழக்கில் 1973 டிசம்பரில் அது உறுதி செய்யப்பட்டது. ஆகவே எழுதாமல் நுழைந்த அலுவலர், பொருள் கிடைத்துவிட்டால், இழப்பது சிறிது. எழுதும் கடமையின் பின்னே அதற்கேற்ற தண்டனை நிற்கவில்லை.

சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குக் கூறும் பாண்டியன் ஒருவனது வரலாறு இங்கே நினைவுக்கு வருகிறது. இரவில் கீரந்தையின் மனைக் கதவைத் தட்டியதற்காகத் தன் கையையே குறைத்துக்கொண்டான் அம்மன்னன். தட்டியது தீய நோக்கத்தாலன்று என்பது அவனுக்குத் தண்டனையிலிருந்து விலக்காகவில்லை. நோக்கத்தை வைத்து நடைமுறைப் பிழையைப் பொறுக்கும் இன்றைய விதியோடு இதனை ஒப்பிட்டு நோக்கலாம்.

வீட்டார் தடுக்கலாமா என்பது அடுத்த வினா. ரெஹ்மான் தீர்ப்பு தடுத்தவரைக் காத்தது. ஆனால் நல்லெண்ணத்துடன் தம் பதவியின் பேரில் செயல்படும் அரசு ஊழியரின் செயல், சட்டப்படி முற்றிலும் சரியானதாக இல்லாவிடினும், மரணமோ கொடுங்காயமோ நேரும் என்ற அச்சத்தை விளைக்காதவரை, அதற்கு எதிராகத் தற்காப்பு உரிமை இல்லை என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 37. வாசலில் நிற்பவருக்கு உள்ளே வருபவரின் நாட்குறிப்பில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பது தெரிய வழியில்லை. எனவே உடல்வலிமையால் தடுப்பதை ரெஹ்மான் தீர்ப்பை நம்பி மேற்கொள்வது இடர் மிக்கது. பெயர், பதவி, வழக்கு எண் ஆகியவற்றைக் கேட்பதும், உடனிருந்து பார்ப்பதும், பட்டியலின் நகலைக் கேட்டுப் பெறுவதும் அத்தகைய இடர் இல்லாதவை. சட்டத்தின் கட்டளையை அறிந்தே மீறும் அரசு ஊழியர்மேல் பிரிவு 198இன் கீழ் நடவடிக்கை எடுக்க இடமுண்டு. உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கோரலாம். மாநில மனித உரிமை ஆணையத்தை அணுகலாம்.

இத்தீர்வுகளின் வேகம் பற்றித் தருமபுரி மாவட்டத்தின் வாச்சாத்தி சொல்லும். சந்தன மரக்கட்டைகளைத் தேடுவதாகக் கூறி 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர் அம்மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன; பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாயினர். 269 பேர் குற்றம் சாட்டப்பட்டனர். 2011 செப்டம்பரில் தருமபுரி அமர்வு நீதிமன்றம் தண்டனை வழங்கியபோது அவர்களுள் 54 பேர் இறந்திருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதியரசர் பி. வேல்முருகன் அதனை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டார். தேடுதல் என்ற சொல்லுடன் தொடங்கிய ஒரு நாளுக்கு விடை கிடைக்க 31 ஆண்டுகள் ஆயின.

வாச்சாத்தியைப் போன்ற பேரளவு வன்முறை ஒருபுறமிருக்க, அன்றாடச் சோதனையில் வீட்டாருக்குக் கிடைக்கும் மிக எளிய கருவி பிரிவு 185இன் கடைசி உட்பிரிவில் அதிகம் கவனிக்கப்படாமல் இருக்கிறது. நடுவருக்கு அனுப்பப்பட்ட பதிவின் நகலை, வீட்டின் உரிமையாளரோ அதில் வாழ்பவரோ விண்ணப்பித்தால், கட்டணமின்றி நடுவர் வழங்க வேண்டும். அச்சரப்பாக்கத்தில் சோதனைக்கு உள்ளான ஒருவர் மதுராந்தகம் நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். வாழ்பவர் என்ற சொல்லால், பட்டா இல்லாத குடிசைக்காரருக்கும் வாடகைதாரருக்கும் இவ்வுரிமை உண்டு. நகல் கைக்கு வந்தபின் பார்க்க வேண்டியவை மூன்று: காரணம் எழுதப்பட்டுள்ளதா, தேடிய பொருள் குறிக்கப்பட்டுள்ளதா, எழுதிய நாளும் நேரமும் கைப்பேசிப் பதிவில் கதவு திறக்கும் நேரத்திற்கு முந்தியவையா.